கண்டல்தீவின் காதுக்காரி

எங்கள் கண்டல்தீவை உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது, புள்ளி வைத்தால் புள்ளி நாட்டைவிடப் பெரிதாகப் போய்விடும் என்று படம் போடுகிறவர்கள் விட்டுவிட்டார்கள், ஆனாலும் அது ஒரு நாடுதான், அதற்கு ஒரு கொடி உண்டு, ஒரு தபால்தலை உண்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் ஜனங்கள் உண்டு, ஓர் ஐஸ் கம்பெனியும் அதன் உச்சியிலிருந்து வேளை தவறாமல் ஊதும் சங்கும் உண்டு, மரகதவல்லி என்று ஒரு தலைவியும் உண்டு. மரகதவல்லி முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் என்பதால் நாட்டுக்குத் தலைவியான பிறகும் அவரை யாரும் தலைவி என்று கூப்பிட்டதில்லை, டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் மந்திரிகளை வகுப்பில் நிறுத்துவதுபோல நிறுத்தித்தான் கேள்வி கேட்டார். இருபத்துமூன்று கடல்நாடுகள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு முறை நடத்துகிற பாட்டுப்போட்டியில் எங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்து பதினெட்டு வருஷமாகச் சைபர் வாங்கிக்கொண்டிருந்தோம், அதைப் பற்றி எங்களுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

மற்ற நாடுகள் பாட்டைத் தேர்ந்தெடுக்க நடுவர்களை வைக்கும், சீட்டுப் போடச் சொல்லும். எங்கள் முன்னோர்களுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கையைத் தூக்கச் சொன்னால் மனிதன் மச்சானுக்காகத் தூக்குவான், கைதட்டச் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் தட்டுகிறானா என்று பார்த்துவிட்டுத் தட்டுவான், ஆனால் மீன் கழுவும்போதும் கயிறு முறுக்கும்போதும் தன்னை அறியாமல் எந்தப் பாட்டை முணுமுணுக்கிறானோ அதில் மட்டும் அவனால் பொய் சொல்ல முடியாது என்பது அவர்கள் கட்சி. ஆகவே மாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை துறைமுக மைதானத்தில் ஏழு பேர் ஏழு புதுப்பாட்டுப் பாடுவார்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை, யாரும் கைதட்டக்கூடாது, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன வேண்டும். திங்கட்கிழமை தொடங்கி அடுத்த ஞாயிறு மதியச் சங்கு ஊதும்வரை நாலு காதுக்காரர்கள் தீவை நாலாகப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகவும் படகு படகாகவும் போய், அடுப்பங்கரைச் சன்னலுக்கு வெளியே சத்தமில்லாமல் நின்று, யார் எந்தப் பாட்டை முணுமுணுக்கிறார் என்று நோட்டில் குறிப்பார்கள். ஆளுக்கு ஒன்றுதான் கணக்கு. தெரிந்தே முணுமுணுத்தால் செல்லாது, காதுக்காரர் நிற்பது தெரிந்து முணுமுணுத்தாலும் செல்லாது, அதனால் அந்த ஏழு நாளும் சன்னலுக்கு வெளியே நிழலாடினால் எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நாய்கள்கூடப் பழகிவிட்டன.

காதுக்காரர்களுக்கு ஒரு சத்தியம் உண்டு, வேலைக்குச் சேரும் அன்று துறைமுகப் படிக்கட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்வது: இனி இந்த வாய் பாடாது, முணுமுணுக்காது, ராகம் இழுக்காது. பாட்டு என்பது ஜலதோஷத்தைப் போலத் தொற்றுகிற சமாச்சாரம், வீடு வீடாகப் போகிற ஆளுக்கே அது இருந்தால் ஊர்க் கணக்கு என்ன ஆவது என்பதுதான் காரணம். சத்தியத்தை மீறினால் அன்றோடு வேலை போயிற்று. காதுக்காரரின் சொந்த வீட்டில் கணக்கெடுக்கிற வழக்கமும் கிடையாது, எடுத்துத்தான் என்ன பிரயோசனம், நோட்டில் அந்த வீட்டுக்கு நேராக ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மணிக்கணக்காகச் சுவரில் தலைசாய்த்து நிற்பதால் ஒவ்வொரு வீட்டுச் சன்னலோரத்திலும் அவர்களுடைய தலையெண்ணெய் கறையாகப் படிந்திருக்கும், வீட்டுக்காரப் பெண்கள் திட்டிக்கொண்டே வருஷா வருஷம் அதன்மேல் வெள்ளையடிப்பார்கள், மறு வருஷமும் அது அதே இடத்தில் வந்துவிடும்.

அந்த நாலு பேரில் ஒருத்தி குழந்தைதெரேஸ். இருபத்தொரு வயதில் கைக்குழந்தையோடு புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தவள், வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, நாலு காதுக்காரர்களும் வருஷத்துக்கு ஒரு பக்கம் மாறி மாறிப் போவார்கள் என்பதால் தீவில் அவள் தலை சாயாத சுவர் இல்லை. கோயிலில் எல்லோரும் பாடும்போது அவள் உதட்டை மட்டும் அசைப்பாள். மகள் அமலிக்குத் தாலாட்டுப் பாடியதில்லை, தட்டித் தட்டித்தான் தூங்கவைத்தாள், தட்டும்போது தொண்டை வரைக்கும் ஏதோ ஒன்று வரும், விழுங்கிக்கொள்வாள். அதற்காக அவளைப் பாவம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் யார் சந்தோஷமாக இருக்கிறார், யார் கடனே என்று சமைக்கிறார், யாருக்கும் யாருக்கும் சமாதானமாகிவிட்டது என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும், ஒரு வீட்டில் பாட்டு கிளம்பினால் அவள் முகம் நெய் விட்ட சோறு மாதிரி ஆகிவிடும், அந்த வேலையை அவள் அவ்வளவு விரும்பினாள்.

இனி அந்த வருஷத்துக் கதை. அதற்கு முந்தின வருஷம் புயலால் கப்பல் கிளம்பவில்லை, எங்கள் நாற்காலி காலியாகக் கிடந்தது. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போலப் பாட்டு அனுப்பாத நாட்டுக்கு நாற்காலி கிடையாது, அது வரிசையில் காத்திருக்கும் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்று போட்டிக்காரர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். சைபர் வாங்குவது வேறு, சைபர் வாங்க உட்காரக்கூட இடமில்லாமல் போவது வேறு. எனவே மாசி முதல் ஞாயிறு ஏழு பாட்டையும் நாங்கள் கொஞ்சம் பயபக்தியோடுதான் கேட்டோம், அதில் இரண்டு நன்றாகவும் இருந்தன.

திங்கட்கிழமை யார் வாயிலும் பாட்டு ஏறவில்லை, அது எப்போதும் அப்படித்தான், ஒரு நாள் ஊற வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மீன் ஏலக்கூடத்தின் தெற்குச் சுவர் முணுமுணுக்க ஆரம்பித்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, அடுப்படியில் வேலை பார்க்கும் ஒரு பெண் வாயைத் திறக்காமல் ஒரு ராகத்தை இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, கொஞ்சம் ஏறி, ஓர் இடத்தில் தயங்கி, பிறகு எதையோ கேட்பதுபோல முடிந்தது, முடிந்து மறுபடி தொடங்கியது. வார்த்தை இல்லை. ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர் விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார், வாங்கினவர் அதே விலைக்கு வாங்கிக்கொண்டார், அன்று பேரமே நடக்கவில்லை. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துச் சமையலறைச் சுவர் சேர்ந்துகொண்டது, பதினொன்றுக்குப் பள்ளிவாசல் தண்ணீர்த்தொட்டி, மதியத்துக்குள் ரொட்டிக்கடை, தபாலாபீஸ், கரையில் ஏற்றிவைத்திருந்த ஆறு படகுகள், பஸ் ஸ்டாப்புக் கம்பம் என்று தீவு முழுக்க அதே பாட்டை முணுமுணுத்தது. நாங்கள் பாடிக் கேட்ட ஏழு பாட்டில் அது இல்லை.

சுவர் பாடுகிறதே என்று யாரும் மலைத்துப்போய் நிற்கவில்லை, எங்களுக்கு அதற்கு நேரமில்லை, செய்ய வேண்டிய காரியங்கள் நிறைய இருந்தன. கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட வேண்டியிருந்தது. பிள்ளைகளின் தூளியை அந்தப் பக்கம் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. போன மாதம் வெள்ளையடித்த வீடுகளில் சத்தம் கொஞ்சம் அமுங்கிக் கேட்டதால் அந்த வீட்டுப் பெண்கள் கரண்டியும் கையுமாகச் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள், புதுவீடு கட்டிக் குடிபோனவர்கள் தங்கள் சுவர் ஊமையாக நிற்பதைக் கண்டு பழைய வீட்டுக்கே ஒரு வாரம் திரும்பிப் போனார்கள். ஒரே நடுச்சுவரை வைத்துக்கொண்டு எட்டு வருஷமாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இருவர், சுவர் இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், போன இடத்தில் காபி சாப்பிட்டார்கள். கல்யாணத் தரகர் பெண்வீட்டைப் பற்றிச் சொல்லும்போது கிணறு உண்டு, முருங்கை உண்டு, சுவர் பாடும் என்று சேர்த்துக்கொண்டார். ஆடுகள் வெயில் பார்க்காமல் சுவரில் உடம்பை ஒட்டி நின்றன, அந்த வாரம் பால் கூடுதலாகக் கறந்தது என்று சொன்னவர்கள் உண்டு, நான் அளந்து பார்க்கவில்லை.

குழந்தைதெரேஸ் அதை முதலில் கேட்டது ரொட்டிக்கடைச் சுவரில். தலைசாய்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பெட்டிக்கடியில் மடித்து வைத்திருந்த தன் சேலையை யாரோ எடுத்துக் கொண்டுபோய் நடுத்தெருவில் கொடி கட்டிக் காயப்போட்டதுபோல அவளுக்கு இருந்தது. அமலியைத் தட்டித் தூங்கவைத்த நாளில் தொண்டை வரைக்கும் வந்தது, சன்னல் சன்னலாக நின்றபோது கூடவே வளர்ந்தது, வாயைத் தாண்டி ஒரு நாளும் வராதது, அதுதான் இது. வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, அதற்கடியில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை அவள் தனக்கே ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள், அங்கும் அதுவே அவளை வரவேற்றது.

வியாழக்கிழமை வரைக்கும் நோட்டில் குறிக்க எதுவுமே கிடைக்கவில்லை. காரணம் எளிது. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது, யாருக்கும் முணுமுணுக்கத் தோன்றவில்லை. கயிறு முறுக்குகிறவர் முறுக்கினார், மீன் கழுவுகிறவள் கழுவினாள், எல்லோர் முகமும் சாப்பிட்டு எழுந்த முகமாக இருந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. ஏழு பாட்டுக்காரர்களும் தங்கள் தங்கள் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அடுத்தவள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காதுக்காரர்களில் மூத்தவர் ஹமீதுகனி, இருபத்தாறு வருஷ சர்வீஸ், நெட்டையான மனிதர், அத்தர் வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று கணக்கு வாரத்தில் அத்தர்கூடப் பூச மாட்டார். குழந்தைதெரேஸுக்கு வேலை பழக்கியது, சத்தியம் செய்தபோது கரையில் துண்டோடு நின்றது, புருஷன் இல்லாத வீட்டில் ஓலை மாற்றிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். அவர் சுவர்களைக் கேட்கவில்லை, பார்த்தார். எல்லாச் சுவரிலும் சன்னலோரம் இரண்டு மூன்று எண்ணெய்க் கறைகள் இருந்தன, அவருடைய கறை மேலே இருந்தது, அது பேசாமல் இருந்தது, அதற்கு ஒரு சாண் கீழே இருந்த கறையில் காதை வைத்தால் அங்கேதான் பாட்டு ஊறிக்கொண்டிருந்தது. எந்தச் சுவரில் போய்ப் பார்த்தாலும் அதே ஒரு சாண். வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, ஊர்ச் சுவரெல்லாம் ஒந்தலை எண்ணெயாத்தான் இருக்கு.”

அவள் டீ கிளாசைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை.

“நா வாயத் தொறக்கல அண்ணே. சத்தியமாத் தொறக்கல. இந்த வேலையை விட்டா எனக்கு ஊரே கெடையாது. யார் வீட்டுச் சன்னல்ல போயி நா நிப்பேன், சொல்லுங்க.”

அவள் வாய் திறக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், திறக்காத வாய்க்குத் தண்டனை சத்தியத்தில் சொல்லப்படவில்லை. இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டு யாரிடமும் எதுவும் சொல்லாமல் போனார்.

சனிக்கிழமை காலை டீச்சர் ஊரைக் கூட்டினார். நாலு நோட்டும் மேஜைமேல் விரித்து வைக்கப்பட்டன, நாலும் வெறுமை, நாளைக்கு மதியச் சங்கோடு கணக்கு முடிகிறது, கணக்கில் ஒரு முணுமுணுப்பாவது இல்லையென்றால் பாட்டு இல்லை, பாட்டு இல்லையென்றால் நாற்காலி இல்லை. சுவர்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் என்ன என்று ஐஸ் கம்பெனி மேஸ்திரி கேட்டார், அறுநூற்றுப் பதினான்கு சுவர் ஒரே பாட்டைப் பாடுகிறது, இப்படி ஒருமனதாக இந்த நாடு எதையாவது சொல்லியிருக்கிறதா என்றார். அதற்கு ஒருவர், சுவர் குடிமகனா என்று கேட்டார். இன்னொருவர், என் வீட்டுச் சுவர் என் தாத்தாவுக்கு முன்னாலிருந்தே இங்கே நிற்கிறது, நீங்கள் பக்கத்துத் தீவிலிருந்து இங்கே பெண் கட்டி வந்தவர், யார் குடிமகன் என்று திருப்பிக் கேட்டார். படகுகளைச் சேர்ப்பதா, கம்பத்தைச் சேர்ப்பதா, நடுச்சுவரை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று பேச்சு மதியம் வரைக்கும் போயிற்று, அந்த அண்ணன் தம்பி மறுபடியும் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் டீச்சர் சட்டப் புத்தகத்தைப் பிரித்து, ‘இத்தீவில் மூச்சு விடும் மனிதர் எவரும்’ என்ற வரியை இரண்டு தடவை வாசித்து, சுவர் மூச்சு விடாது, மூச்சு விடும் மனிதர் ஒருவர் தன்னை அறியாமல் எந்தப் பாட்டையாவது முணுமுணுத்தால் போதும், ஒன்றே ஒன்று போதும், ஒன்று சைபரைவிடப் பெரியது என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

அப்புறம் நாங்கள் செய்ததுதான் வேடிக்கை. நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டாயிரம் பேரும் ஒரே நேரத்தில் தன்னை அறியாமல் முணுமுணுக்கக் கிளம்பிவிட்டோம். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து தெருவெல்லாம் முணுமுணுப்பு, தேவையில்லாமல் பாத்திரம் கழுவினார்கள், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினார்கள், ஓரக்கண்ணால் சன்னலைப் பார்த்துக்கொண்டே வலையைத் தைத்தார்கள், ஒருவர் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டு முணுமுணுத்தார். காதுக்காரர்களை ஏமாற்ற முடியுமா, தெரிந்து பாடுகிற பாட்டில் மூச்சு வேறு இடத்தில் விழும், நாலு பேரும் எழுதி எழுதி அடித்தார்கள், ஞாயிறு காலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு முணுமுணுப்பு செல்லாமல் போயிற்று.

ஞாயிறு பூசை முடிந்தது. பதினோரு மணிக்குக் குழந்தைதெரேஸ், அடித்தது போக ஒன்றும் மிஞ்சாத தன் நோட்டை டீச்சரிடம் ஒப்படைத்தாள். போட்டி நாற்காலி போகப்போகிறது என்பதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, தன் பாட்டைப் பற்றி யாருக்கும் தெரியாமல் இந்த வாரம் முடிகிறது என்பதில் நிம்மதி இருந்தது, அமலியும் மாப்பிள்ளையும் மத்தியானம் சாப்பிட வருகிறார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் இரண்டையும் மறந்துவிட்டு வேகவேகமாக வீட்டுக்கு நடந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவினாள்.

ஹமீதுகனி அவளைத் தேடி வந்தது வேறு காரியத்துக்கு. கணக்கு முடிந்ததாகக் கையெழுத்துப் போட நாலு காதுக்காரர்களும் வர வேண்டும் என்று டீச்சர் அனுப்பியிருந்தார். வாசல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் இருபத்தாறு வருஷப் பழக்கம் அவரைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரைச் சன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. தீவில் எண்ணெய்க் கறை இல்லாத பழைய சுவர்கள் காதுக்காரர்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு, அதில் இது ஒன்று. காதுக்காரி வீடு என்பதால் யாரும் அங்கே நின்றதில்லை, தன் வீட்டுச் சுவரில் வெளியே நின்று தலைசாய்க்க அவளுக்கும் அவசியம் வந்ததில்லை, ஆகவே அந்தச் சுவர் அந்த வாரம் முழுக்க ஊமையாக இருந்தது. சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

தேங்காய் துருவுகிற தாளத்தில் அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குரல் சுமார்தான், வருஷக்கணக்காகத் திறக்காத கதவைத் திறப்பதுபோலக் கிரீச்சிட்டது, ஆனால் சுவர்களில் இல்லாத ஒன்று அதில் இருந்தது, வார்த்தை இருந்தது.

“உலை கொதிச்சாச்சா, வலை வந்தாச்சா,
வாசல்ல நிக்கிறது யாரு...”

இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. உடைந்தது அவளுக்குத் தெரியவில்லை, தேங்காயைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஹமீதுகனி சுவரில் தலையைச் சாய்த்தார். அந்த வருஷம் அந்தத் தெரு அவர் பக்கம்தான், நோட்டு சட்டைப்பையில் இருந்தது. இதை எழுதினால் நாட்டுக்கு ஒரு பாட்டு உண்டு, அவளுக்கு வேலை இல்லை. எழுதாவிட்டால் அவளுக்கு வேலை உண்டு, நாட்டுக்கு நாற்காலி இல்லை. மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது, ஒரு சின்ன இருமல் போதும், ஆள் நிற்பது அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் செல்லாது, செல்லாத முணுமுணுப்பை யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அவர் இருமலைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அப்போது உள்ளே அவள் மூன்றாவது தடவையாக வாசல்ல நிக்கிறது யாரு என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தீவில் எல்லா வாசலிலும் நின்றவள் இவள், ஆனால் இவள் வாசலில் ஒருவர்கூட நின்று கேட்டதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. இருமலை விழுங்கிக்கொண்டு நோட்டை எடுத்தார். அந்த வீட்டுக்கு நேராக இழுத்திருந்த கோட்டின்மேல் குழந்தைதெரேஸ் என்று எழுதினார், அதற்கு நேராக ஒன்று என்று எழுதினார். அவர் பேனாவை மூடவும் மதியச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

சங்குச் சத்தத்துக்கு நிமிர்ந்தவள் சன்னலில் அவரைப் பார்த்தாள். அவர் கையில் நோட்டைப் பார்த்தாள், தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“எழுதிட்டியளா?”

“எழுதிட்டேன்.”

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் எழுந்து இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பச் சன்னலுக்கு வந்தாள். அழுவாள் என்று அவர் நினைத்தார். அவள் கேட்டது வேறு.

“நல்லா இருந்திச்சா அண்ணே?”

காதுக்காரரிடம் யாரும் கேட்கக்கூடாத கேள்வி அது, கேட்டாலும் அவர் பதில் சொல்லக்கூடாது. ஆனால் அவள் இப்போது காதுக்காரி இல்லை, அவரும் சங்கு ஊதின பிறகு அந்த வருஷத்துக்குக் காதுக்காரர் இல்லை.

“ரெண்டாவது வரியில ஒடஞ்சிச்சுல்லா,” என்றார், “அந்த எடந்தான்.”

ஒரே ஒரு முணுமுணுப்பில் ஒரு பாட்டு ஜெயித்தது எங்கள் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. டீச்சர் மைதானத்தில் நோட்டை வாசித்தபோது எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள், கைதட்டக்கூடாது என்று அவர் அதட்டினார், பிறகு அவரும் தட்டினார். வேலை போனது போனதுதான், சத்தியம் சத்தியம்தான், அதில் சலுகை காட்ட யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. துறைமுகப் படிக்கட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாங்கின சத்தியத்தை அதே தண்ணீரில் நின்று திருப்பிக் கொடுத்தாள், ஹமீதுகனி இந்தத் தடவையும் கரையில் துண்டோடு நின்றார். அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாக அமலிக்கு அந்தத் தாலாட்டை முழுக்கப் பாடிக் காட்டினாள். அமலிக்கு இருபத்துமூன்று வயது, புருஷன் முன்னால் அம்மா மடியில் தலைவைத்துப் படுக்க அவளுக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

அவளை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பின நாளில் சுவர்கள் ஒவ்வொன்றாக அடங்கின, ரொட்டிக்கடை கடைசியாக நின்றது. ஊர் வருத்தப்படும் என்று எதிர்பார்த்த டீச்சர் ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தார், அதற்கு வேலையே வரவில்லை, சுவர் நிறுத்தின இடத்திலிருந்து எங்கள் வாய் எடுத்துக்கொண்டது, கயிறு முறுக்குகிறவரும் மீன் கழுவுகிறவளும் ஏலம் போடுகிறவரும் உலை கொதிச்சாச்சா வலை வந்தாச்சா என்று முணுமுணுத்தபடி திரிந்தார்கள், கணக்கெடுக்கத்தான் ஆள் இல்லை. போட்டியை ரேடியோவில் கேட்டோம். வெளிநாட்டு மேடையிலும் அவள் குரல் இரண்டாவது வரியில் உடைந்தது, மைதானத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள் அந்த இடத்துக்காகவே காத்திருந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பதினோரு மார்க் கிடைத்தது, இருபத்துமூன்றில் இருபதாவது இடம். டீச்சர் இரண்டு நாள் லீவு விட்டார், பதினோரு மார்க்கைப் பத்தொன்பது வருஷத்துக்குச் சராசரி போட்டுப் பார்த்து, அதுவும் சைபரைவிடப் பெரியதுதான் என்று அறிக்கை வெளியிட்டார்.

குழந்தைதெரேஸ் திரும்பி வந்து ஐஸ் கம்பெனியில் சங்கு ஊதும் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் கொஞ்ச நாள் அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அடுத்தவர் சன்னலைத் தாண்டும்போது கால் தானாக நின்றுவிடும், இனி நிற்கக்கூடாது என்று நினைவு வந்து நடப்பாள். அப்புறம் வீட்டுக்காரர்களே உள்ளே கூப்பிட்டார்கள், உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்கலாம் என்று தெரிந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. மறுவருஷம் மாசியில் ஏழு பேர் ஏழு பாட்டுப் பாடினார்கள், நாலு காதுக்காரர்கள் ஏழு நாள் அலைந்தார்கள், ஏதோ ஒரு பாட்டு ஜெயித்துக் கப்பல் ஏறிப் போனது. அந்த வாரம் முழுக்கத் தன் சன்னலுக்கு வெளியே நிழலாடியபோது அவளும் மற்றவர்களைப் போலத் திரும்பிப் பார்க்கவில்லை, நிழலாடியதா என்றுகூட அவளுக்கு நிச்சயமில்லை.

பங்குனியில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தாள். அடுப்பங்கரைச் சன்னலோரம், அவள் உயரத்துக்கு ஒரு சாண் மேலே, சுவரில் எண்ணெய்க் கறை ஒன்று புதிதாகப் படிந்திருந்தது. மட்டையைச் சுண்ணாம்பில் முக்கியவள் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுவர் முழுக்க நிதானமாக வெள்ளையடித்தாள், அந்தக் கறையை மட்டும் விட்டுவிட்டு.